மருந்தடித்த பயிரும் மருந்தாய் வளர்ந்த பயிரும்
மரபணு மாற்றிய உணவு குறித்த ஒரு விளக்கம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்தில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த ஓரிடத்தில் அறிவியல் கலைச்சொற்களைப் பற்றி உரையாற்ற நமக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. உரை முடிந்து தேநீர் வழங்கப்பட்ட வேளையில், முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டியார் ஒருவர் எழுந்து வந்தார். பால்வெட்டிலும், பின்னர் பல்லாண்டுக் காலம் மருந்தடிக்கும் வேலையிலும் இருந்தவர் என்று பிறகு அறிந்தோம். அவர் கேட்ட கேள்வி இது: "ஐயா, கடையில விக்கிற சோயாவ என்னமோ மாத்திட்டாங்கன்னு பேத்தி சொல்றா. அது மருந்தடிச்ச சாமானா, இல்ல மருந்தாவே வளந்த சாமானா?"

அருகில் நின்ற இளைஞர் சிலர் சிரித்தனர். நாமும் பொதுப்படையாக ஏதோ ஒரு விடை கூறி நகர்ந்துவிட்டோம். வீடு திரும்பும் வழியில்தான் அக்கேள்வியின் கூர்மை நமக்குப் புலப்பட்டது. உலகில் இன்று பெருமளவில் பயிரிடப்படும் மரபணு மாற்றிய பயிர்களை அறிவியலார் இரண்டு பெரும் பிரிவுகளாகக் கொள்வர். களைக்கொல்லியைத் தாங்கும்படி மாற்றப்பட்டவை ஒரு பிரிவு. பூச்சியைக் கொல்லும் புரதத்தைத் தம் உடலிலேயே உண்டாக்கும்படி மாற்றப்பட்டவை மற்றொரு பிரிவு. எந்த நூலையும் படிக்காத அம்மூதாட்டியார், தம் முதுகில் சுமந்த தெளிப்பானின் அனுபவத்தைக் கொண்டே அவ்விரு பிரிவையும் சரியாகப் பிரித்துக் கேட்டிருந்தார். அன்று நாம் தராத விடையை இங்கே தர முயல்கிறோம். நாம் வேளாண் அறிவியலார் அல்லோம். மொழியியல் பயின்றவர்களாதலின் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

மரபு என்னும் சொல்

உயிரினப் பண்புகள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் முறையை ஆராயும் துறைக்கு நாம் மரபியல் என்று பெயரிட்டுள்ளோம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கும் அதுவே பெயர். இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை எவ்வெவ்வுயிருக்கு எவ்வாறு வழங்க வேண்டும் என்று கூறுவது அவ்வியல். யானைக்கு ஒரு சொல், குரங்குக்கு ஒரு சொல், ஆட்டுக்கு ஒரு சொல் என்று அது வரையறுத்துக்கொண்டே போகும். ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான உயிர்ப் பாகுபாடும், புல் எது மரம் எது என்னும் பாகுபாடும் அங்கேதான் உள்ளன. உயிரினங்களுக்கு இடையிலான எல்லைகளைச் சொல்லால் காத்த ஓர் இயலின் பெயரையே, அவ்வெல்லைகளைக் கடக்கத் துணிந்த ஒரு துறைக்கும் நாம் சூட்டியிருக்கிறோம். தற்செயலாக நேர்ந்ததாயினும் பொருத்தமான நேர்ச்சிதான்.

மரபணு என்னும் கலைச்சொல் பொதுவழக்கில் நிலைபெற்றுவிட்டது. குறை ஒன்றுண்டு. மரபுப் பண்பைத் தாங்கும் நீண்ட மூலக்கூறாகிய டி.என்.ஏ.வையும் சிலர் மரபணு என்பர். அம்மூலக்கூற்றின் ஒரு பகுதியாய் அமைந்து ஒரு புரதத்திற்குரிய செய்தியைத் தாங்கும் கூற்றையும் மரபணு என்பர். இவ்வுரையில் நாம் பின்னதையே மரபணு என்று குறிக்கிறோம். ஒரு நூலையும் அதிலுள்ள ஒரு வாக்கியத்தையும் ஒரே பெயரால் அழைத்தால் எத்தகைய குழப்பம் நேருமோ, அத்தகைய குழப்பம் நம் நாளிதழ்க் கட்டுரைகளில் இன்றும் நேர்கிறது.

இதனினும் பெரிய இடர்ப்பாடு 'மாற்றம்' என்னும் சொல்லில் உள்ளது. பழந்தமிழில் மாற்றம் என்றால் சொல் என்றும் மறுமொழி என்றும் பொருள். இன்றைய வழக்கில் அது எல்லா வகை வேறுபாட்டையும் குறிக்கும் பொதுச்சொல். இயற்கையில் தானே நிகழும் திடீர் மாற்றமும் மாற்றம். இரு வகைகளைக் கலந்து புதுவகை எடுப்பதும் மாற்றம். வேற்றுயிரின் மரபணுவைச் செலுத்துவதும் மாற்றம். ஆகவே 'மரபணு மாற்றிய காய்' என்று கேட்டவுடன், அளவில் பெரியது, விதையற்றது, பளபளப்பானது என்று வழக்கத்திற்கு மாறான எதைக் கண்டாலும் நம் மக்கள் அப்பெயரை அதற்குச் சூட்டிவிடுகின்றனர்.

எவையெல்லாம் அல்ல

நம் பேராக் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டுகள் நிரம்பக் கிடைக்கின்றன. ஈப்போ தௌகே, அதாவது முளைவிட்ட பாசிப்பயறு, மற்ற ஊர்த் தௌகேயைவிடக் கட்டையாகவும் பருத்தும் இருக்கும். அதற்குச் சுண்ணாம்புக் குன்றுகளிடையே ஊறிவரும் நீரே காரணம் என்பது ஊர்மக்கள் நம்பிக்கை. காரணம் எதுவாயினும் அது மரபணு மாற்றிய பயறன்று. பீடோர் கொய்யா கையடங்காத அளவில் காய்ப்பது வகைத் தேர்வாலும் பராமரிப்பாலும். விதையற்ற தர்ப்பூசணி, குரோமோசோம் தொகுதி எண்ணிக்கை வேறுபட்ட இரண்டு தர்ப்பூசணிச் செடிகளைக் கலந்து பெறுவது. அதிலும் வேற்றுயிரின் மரபணு இல்லை. தம்பூன் பம்பளிமாசு காற்றுப்பதியத்தால் பெருகுவது. தாய்மரத்துக் கிளையிலேயே வேர்விடச் செய்து வெட்டி நடுவதால், மகள்மரம் தாய்மரத்தின் மறுபதிப்பாகவே இருக்கும்.

இவற்றையெல்லாம்விடத் தோட்டத்து மக்கள் நன்கறிந்த சான்று ரப்பர் மரமே. அது இம்மண்ணுக்கு உரியதன்று. பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட விதைகளின் வழித்தோன்றலாகிய கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது கன்றுகள் கோல கங்சாரில், பேராக் ஆட்சியாளராய் இருந்த ஹியூ லோவின் இல்லத்தருகே நடப்பட்டன. அக்காலத்து மரமென்று போற்றப்படும் ஒன்று இன்றும் அவ்வூரில் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. பின்னர் 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆய்வு நிலையம் மிகுதியாகப் பால் தரும் மரங்களைத் தேர்ந்தது. அவற்றின் மொட்டை எடுத்து வேறு கன்றுகளில் ஒட்டும் முறை தோட்டங்களில் பரவியது. நம் பெற்றோர் இவற்றை 'ஒட்டுமரம்' என்றனர். கோப்பையிலும் வெட்டுத்தடத்திலும் உறைந்து ஒட்டியிருக்கும் பாலை 'ஒட்டுப்பால்' என்றனர். ஒரே வேர்ச்சொல் இரு வேறு நுட்பமான பொருள்களைத் தாங்கி, யாரும் கலைச்சொற்குழு அமைக்காமலேயே, பிரட்டுக் களத்தில் பிறந்து நிலைத்தது. நம் குழுக்கள் உருவாக்கிய சொற்களுள் எத்தனை இவ்வாறு நிலைத்தன என்று எண்ணிப் பார்த்தால் சற்று நாணமே மிஞ்சுகிறது.

ஒட்டுமரத்தில் ஒரு மரத்தின் மொட்டு முழுமையாக மற்றொன்றின் மேல் வாழ்கிறது. மேலே உள்ளதன் மரபணுக்கள் மேலேயும், கீழே உள்ளதன் மரபணுக்கள் கீழேயும் தத்தம் நிலையிலேயே உள்ளன. கலப்பினத்தில் இரு செடிகளின் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் மகரந்தச் சேர்க்கையால் கலக்கின்றன. மரபணு செலுத்துதலில், பெரும்பாலும் தொடர்பே இல்லாத ஓர் உயிரிலிருந்து, தெரிந்தெடுத்த ஒன்றோ சிலவோ ஆய்வகத்தில் உயிரணுவினுள் செலுத்தப்படுகின்றன. நம் நாட்டு ரப்பர் ஆய்வாளர்கள் பிற்காலத்தில் ரப்பர் மரத்திற்கே இவ்வாறு மரபணு செலுத்தி, மனிதக் குருதியிலுள்ள ஆல்புமின் என்னும் புரதத்தை மரத்தின் பாலில் வருவிக்க முயன்றதும் உண்டு. ஒட்டுமரத்திற்கும் அந்த ஆய்வு மரத்திற்கும் இடையிலான தொலைவே நாம் பேசும் பொருளின் தொலைவு.

செலுத்தும் முறை

மரபணுவைச் செலுத்தப் பெரிதும் பயன்படுவது அக்ரோபாக்டீரியம் என்னும் மண்வாழ் நுண்ணுயிர். இது செடிகளின் புண்வாய் வழியே நுழைந்து, தன் மரபணுக்கள் சிலவற்றைச் செடியின் உயிரணுவுக்குள் நுழைத்து, தனக்கு வேண்டிய உணவைச் செடியையே ஆக்கித்தரச் செய்யும் தந்திரம் உடையது. அறிவியலார் அந்நுண்ணுயிரின் தீங்கு தரும் பகுதியை நீக்கிவிட்டு, தாம் விரும்பும் மரபணுவை அதில் ஏற்றி அனுப்புகின்றனர். வண்டி பழையது; சரக்குதான் புதியது.

இந்த வண்டி மனிதர் ஓட்டாமலேயே ஓடியிருக்கிறது என்பது 2015இல் வெளியான ஓர் ஆய்வால் தெரியவந்தது. பயிரிடப்படும் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் 291 வகைகளை ஆராய்ந்தபோது, அனைத்திலும் அக்ரோபாக்டீரியத்தின் மரபணுத் துணுக்குகள் காணப்பட்டன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இயற்கை அதைச் செலுத்தியிருக்கிறது. மனிதர் அக்கிழங்கைத் தெரிந்தெடுத்துப் பயிரிட்டு வந்துள்ளனர். சப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் தின்று பிழைத்த கதையைத் தோட்டத்துக் குடும்பங்களில் கேட்காதவர் குறைவு. அவர்கள் உயிரைக் காத்த கிழங்குகளுள் ஒன்று இயற்கையாகவே மரபணு செலுத்தப்பட்ட பயிர். இதனால் ஆய்வகம் செய்வதெல்லாம் தீங்கற்றது என்று ஆகிவிடாது. 'இயற்கைக்கு முற்றிலும் புறம்பானது' என்னும் ஒரு வாதம் மட்டும் இதனால் வலுவிழக்கிறது.

மருந்தடித்த சாமான்

இனி மூதாட்டியாரின் கேள்விக்கு வருவோம். மலேசியாவில் சோயா வணிக அளவில் விளைவதில்லை. தௌஃபூ, தௌஃபூஃபா, சோயாப்பால், தெம்பே ஆகியவற்றிற்கான பயறும், கோழித் தீவனத்திற்கான சோயாப் பிண்ணாக்கும் பெரும்பாலும் அமெரிக்கா, அர்செந்தீனா, பிரேசில் முதலிய நாடுகளின் விளைச்சலைச் சார்ந்தவை. அந்நாடுகளில் விளையும் சோயாவில் பெரும்பங்கு மரபணு மாற்றியது. அமெரிக்காவில் 1996இல் முதன்முதலாக வணிகப் பயிரான அச்சோயா, கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தாங்கவல்லது.

அது நிகழும் முறை வருமாறு. செடிகள் தமக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைத் தாமே உருவாக்க ஒரு நொதி தேவை. கிளைபோசேட் அந்நொதியை முடக்குவதால் செடி பட்டினியால் வாடி மடிகிறது. மனித உடலில் அந்நொதி இல்லை. அவ்வமினோ அமிலங்களை நாம் உணவிலிருந்தே பெறுகிறோம். அக்ரோபாக்டீரியத்தின் ஒரு வகையிலோ, கிளைபோசேட்டுக்கு முடங்காத வேறு வடிவ நொதி இருந்தது. அதன் மரபணுவைச் சோயாவுக்குள் செலுத்தினர். பின்னர் வயல் முழுதும் களைக்கொல்லி தெளித்தால் களை மடியும், சோயா நிற்கும். ஆக, அச்சோயாவின் விதை களைக்கொல்லியை உண்டாக்குவதில்லை. வெளியிலிருந்து அடிக்கப்படுகிறது, அதன் எச்சம் சிறிதளவு விதையில் தங்கலாம். அதற்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பாகிய கோடெக்ஸ் வகுத்த உச்சவரம்பு ஒரு கிலோ உலர் சோயாவுக்கு 20 மில்லிகிராம். மூதாட்டியாரின் மொழியில் கூறினால், அது மருந்தடித்த சாமான்.

இவ்விடத்தில் 'மருந்து' என்னும் சொல்லைப் பற்றிச் சற்று நிற்க வேண்டும். நோய் தீர்ப்பதும் மருந்து, களையை அழிப்பதும் மருந்து என்று தோட்டத் தமிழ் இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கியது. தமிழகத்து உழவரும் அவ்வாறே 'மருந்தடிக்கிறோம்' என்பர். சொல்லில் நஞ்சின் நிழலே இல்லை. கையுறையின்றி, முகமூடியின்றி, சேலை முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு தெளித்த பெண்களுக்கு, தாம் கையாள்வது நஞ்சு என்று அச்சொல் ஒருபோதும் எச்சரிக்கவில்லை. 2002இல் தெனாகானித்தா அமைப்பு பூச்சிக்கொல்லிச் செயல் இணையத்தின் ஆசிய பசிபிக் பிரிவோடு இணைந்து வெளியிட்ட ஆய்வு, மலேசியத் தோட்டங்களில் மருந்தடித்த பெண்களின் உடல்நலக் கேடுகளைப் பதிவுசெய்தது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லிக்கு அதே 2002இல் தடை அறிவிக்கப்பட்டது, 2006இல் தளர்த்தப்பட்டது, 2020 சனவரி முதல் நாளன்றுதான் முழுத்தடை நடப்புக்கு வந்தது. அறிவிப்புக்கும் முழுத்தடைக்கும் இடையே கழிந்த ஆண்டுகளில் எத்தனை முதுகுகள் தெளிப்பானைச் சுமந்தன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே 'கொல்லி' என்னும் ஈற்றோடு களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி என்று சொல்லாக்கம் செய்த பெரியோரை நாம் நன்றியுடன் நினைக்கிறோம். அச்சொற்கள் பள்ளிப் பாடநூலைத் தாண்டித் தோட்டத்து மருந்துக் கொட்டகைச் சுவர்வரை சென்று சேரவில்லை என்பதுதான் குறை.

கிளைபோசேட்டை 2015இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 'மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாக இருக்கலாம்' என்னும் பிரிவில் சேர்த்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் அம்முடிவை ஏற்கவில்லை. முன்னது, ஒரு பொருளால் தீங்கு விளைய இயலுமா என்று பார்த்தது. பின்னவை, மக்கள் உண்மையில் உட்கொள்ளும் அளவில் தீங்கு விளையுமா என்றும் பார்த்தன. இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள். நம் கருத்தில், இவ்வகைப் பயிரால் முதலில் இடர்ப்படக்கூடியவர் தௌஃபூஃபா உண்பவர் அல்லர், வயலில் தெளிப்பவரே. உண்பவரைப் பற்றியே உலகம் விவாதிக்கிறது.

மருந்தாய் வளர்ந்த சாமான்

இரண்டாம் பிரிவிற்குச் சிறந்த சான்று நம் சாம்பாரில் மிதக்கும் கத்தரிக்காய். காயையும் குருத்தையும் துளைக்கும் ஒரு புழு கத்தரிக்குப் பெரும் பகை. அது காய்க்குள் புகுந்துவிட்டால் மேலே தெளிக்கும் நஞ்சு எட்டாது. ஆகவே புகுமுன் கொல்ல வேண்டி உழவர் மீண்டும் மீண்டும் தெளிக்கின்றனர்.

மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்னும் நுண்ணுயிர், சிலவகைப் புழுக்களைக் கொல்லும் புரதமொன்றை உண்டாக்குகிறது. பி.டி. என்னும் சுருக்கப் பெயர் இதனுடையதே; பின்பாதி செருமனியின் துரிங்கியா என்னும் நிலப்பகுதியைக் குறிப்பது. நம்மவர் பலர் பி.டி. என்பதை ஏதோ நிறுவனத்தின் பெயர் என்று கருதுகின்றனர். புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கே அப்புரதம் செயலூக்கம் பெற்று, குடற்சுவரில் தனக்கேற்ற இடத்தில் பற்றித் துளையிடுகிறது. மனித இரைப்பை அமிலத்தன்மை உடையது. நம் குடலில் அப்புரதம் பற்றுமிடமும் இல்லை. அந்நுண்ணுயிரைத் தூளாக்கி இயற்கை வேளாண்மை செய்வோரும் நெடுங்காலமாகத் தெளித்து வந்துள்ளனர். அதன் மரபணுவைக் கத்தரிக்குள் செலுத்தியதே பி.டி. கத்தரி.

மகாராட்டிரத்து மாகிகோ நிறுவனம் உருவாக்கிய அவ்வியல்பைக் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் கத்தரி வகைகளில் ஏற்றியது. கோவை, மதுரை, கிள்ளிகுளம், பாலூர் ஆகிய ஊர்ப்பெயர்களின் சுருக்கத்தைத் தாங்கிய வகைகள் அவை. இந்தியாவின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபர் 14 அன்று பி.டி. கத்தரிக்கு இசைவளித்தது. எதிர்ப்பு எழுந்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் செயராம் ரமேசு ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். 2010 பிப்ரவரி 9 அன்று காலவரையறையற்ற தடையை அறிவித்தார். அறிவியலாரிடையே ஒத்த கருத்தின்மை, சார்பற்ற ஆய்வின் தேவை, கத்தரியின் தாயகங்களுள் இந்தியாவும் ஒன்றாதலால் அதன் வகை வளத்தைக் காக்க வேண்டியமை ஆகியவை அவர் கூறிய காரணங்களுள் அடங்கும். கண்டங்கத்தரி, சுண்டை ஆகியவை கத்தரியின் சுற்றத்தைச் சேர்ந்தவை. சித்த மருத்துவத்தில் இடம்பெற்றவை. அவற்றின் தன்மை மாறிவிடுமோ என்னும் ஐயத்தை மரபு மருத்துவர் எழுப்பியதும் இயல்பே.

அண்டை நாடாகிய வங்காளதேசம் வேறு முடிவெடுத்தது. 2013 அக்டோபர் 30 அன்று நான்கு வகைகளுக்கு ஒப்புதல் அளித்து, 2014 சனவரியில் 20 உழவரிடம் கன்றுகளை வழங்கியது. பின்னர் அங்கே நடத்தப்பட்ட ஒப்பீட்டு ஆய்வில் பி.டி. கத்தரி பயிரிட்டோரின் பூச்சிக்கொல்லிச் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது தெரியவந்தது. அவை அரசு ஆய்வு நிலையத்து வகைகளாதலால் உழவர் விதையை எடுத்து வைத்து மீண்டும் விதைக்கலாம். இது சிறிய செய்தியன்று. விதை யாருடையது என்னும் கேள்விக்கு உழவரே என்று விடை தரும் மரபணு மாற்றிய பயிர்கள் உலகில் மிகச் சில.

மருந்து உடம்பிலேயே ஊறி வளர்ந்த சாமான் என்று மூதாட்டியார் கேட்டது இதைத்தான். அது அவருக்கு அச்சமூட்டுவதாக இருந்தது. ஆனால் மருந்தடிக்கும் வேலையைக் குறைப்பது அடித்த சாமானன்று. மருந்தாகவே வளர்ந்த சாமான்தான். இம்முரண்பாட்டை அவரிடம் அன்றே விளக்கியிருந்தால், அவர் என்ன கூறியிருப்பார் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. ஒரே புரதத்தை எங்கும் எப்போதும் எதிர்கொள்ளும் புழு காலப்போக்கில் அதற்குப் பழகிவிடும் என்பதையும் மறைக்கலாகாது. இந்தியாவில் பி.டி. பருத்தியைத் தாக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அவ்வாறு பழகிவிட்டது.

உண்பவர் உடல்

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் 900க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து ஓர் அறிக்கை வெளியிட்டன. சந்தையிலுள்ள மரபணு மாற்றிய உணவு, மாற்றாத உணவைவிட உடல்நலத்திற்கு மிகுந்த தீங்கு தருவதாக உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பது அதன் முடிவு. அதே அறிக்கை, களைக்கொல்லிக்கு மடங்காத களைகள் பெருகிவிட்டதைப் பெருஞ்சிக்கலாகவும் சுட்டியது.

எனினும் 'மரபணு மாற்றிய உணவு நல்லதா, கெட்டதா' என்னும் வினா 'சமைத்த உணவு நல்லதா, கெட்டதா' என்பது போன்றதே. எதை, எதிலிருந்து, எதற்குள் செலுத்தினர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 1990களில் சோயாவின் சத்தை உயர்த்த எண்ணிப் பிரேசில் கொட்டையின் மரபணுவை அதில் செலுத்தினர். கொட்டைக்கு ஒவ்வாமை உடையோரின் குருதி அச்சோயாவுக்கும் எதிர்வினை காட்டியது சோதனையில் தெரிந்தது. அது சந்தைக்கு வராமலேயே கைவிடப்பட்டது. சோதனை தன் கடமையைச் செய்தது என்றும் கூறலாம். சோதிக்காமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமே.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இனிப்புநீர் நோய் நம் இந்தியச் சமூகத்தில் மிகுதி. 1982இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மனித இன்சுலின், மனித மரபணுவைச் செலுத்திய நுண்ணுயிரால் ஆக்கப்படுவது. அதற்கு முன்னர் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தனர். மரபணு மாற்றியதை உடம்பில் சேர்க்கவே மாட்டோம் என்று கூறும் பெரியவர் பலர், காலையில் அதை வயிற்றில் ஊசியாக ஏற்றிக்கொண்டுதான் பசியாறுகின்றனர்.

பொன்னரிசியைப் பற்றிச் சுருக்கமாகக் கூறி நகர்வோம். வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க இங்கோ பொட்ரிக்கஸ், பீட்டர் பேயர் ஆகிய இருவரும் உருவாக்கி 2000இல் அறிவித்தது அது. பிலிப்பீன்சு 2021இல் பயிரிட ஒப்புதல் அளித்தது. 2024இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தியது. நோக்கத்தை நாம் மதிக்கிறோம். தோட்ட வீட்டுப் பின்புறத்து முருங்கைக்கீரையிலும் அச்சத்துக்கான மூலப்பொருள் நிறைந்திருக்கிறது என்பதையும், தோட்டத்தைவிட்டு அடுக்குமாடிக்குப் பெயர்ந்த குடும்பங்களுக்கு அம்முருங்கை இல்லை என்பதையும் சேர்த்தே எண்ணுகிறோம்.

விவரச்சீட்டு

நம் நாட்டில் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டு 2009 திசம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதன்கீழ் அமைந்த வாரியம் பல சோயா, மக்காச்சோள வகைகளை உணவாகவும் தீவனமாகவும் பதனிடவும் ஏற்றுள்ளது. உணவுப் பயிர் எதுவும் வணிக அளவில் இங்கே பயிரிடப்படவில்லை. 2010இல் திருத்தப்பட்ட உணவு விதிமுறைகளின்படி, தவிர்க்கவியலாது கலந்துவிட்டது 3 விழுக்காட்டை மிஞ்சுமானால் விவரச்சீட்டில் குறிக்க வேண்டும். எண்ணெய், சர்க்கரை போன்று மிகவும் தூய்மையாக்கப்பட்டவற்றிற்கு விலக்கு உண்டு. விலங்கின் மரபணு செலுத்தப்பட்டிருந்தால் அவ்விலங்கின் பெயரையும் குறிக்க வேண்டும். இது பன்றியை விலக்கும் முசுலிம் மக்களுக்கும், மாட்டை விலக்கும் இந்துக்களுக்கும், புலால் மறுப்போர்க்கும் ஒருங்கே பயன்படும் விதி.

சீட்டில் வரும் மலாய்த் தொடர் 'டிஉபா சுவாய் செச்சாரா ஜெனெதிக்' என்பது. உபா சுவாய் என்றால் மாற்றிப் பொருத்துதல். வீட்டைப் புதுப்பித்துக் கட்டித்தரும் குத்தகையாளர்கள் ஈப்போ சாலையோரத்தில் தொங்கவிடும் பதாகையிலும் இதே சொல்தான் இருக்கும். அச்சம் தராத, வீட்டுப் பழக்கமான சொல். நம் 'மாற்றம்' அத்தகையதன்று. இனமாற்றம், மதமாற்றம் ஆகியவற்றின் சாயல் அதில் படிந்துள்ளது. அண்மைக்காலத்தில், வேற்று மரபணு செலுத்தாமல் உள்ளதையே நுண்ணிதாக வெட்டிச் சீர்செய்யும் முறைக்கு 'மரபணுத் திருத்தம்' என்று எழுதுகின்றனர். இந்தியா 2025 மே மாதத்தில் அவ்வகை நெல் இரண்டை அறிவித்தது. திருத்தம் என்றவுடன் முன்பிருந்தது பிழை என்னும் எண்ணம் தானே வந்துவிடுகிறது. ஒரு சொல் அச்சுறுத்துகிறது; மற்றொன்று பாராட்டுகிறது. கலைச்சொல் இரண்டையும் செய்யாதிருத்தல் நலம். வேற்றுயிரிலிருந்து வந்ததை 'மரபணு செலுத்திய' என்றும், உள்ளதை வெட்டிச் சீர்செய்ததை 'மரபணு செதுக்கிய' என்றும் வழங்கலாம் என்பது நம் பரிந்துரை. செதுக்கல் நன்றாகவும் அமையலாம், கெட்டும் போகலாம். சொல் முன்கூட்டியே தீர்ப்பு வழங்காது.

இவ்வுரையை ஆயத்தம் செய்தபோது, நம் வீட்டருகே உள்ள கடைக்குச் சென்று சோயாப் பொட்டலங்கள் சிலவற்றின் பின்புறத்தைக் கண்ணாடி அணிந்து படித்தோம். சிலவற்றில் மரபணு மாற்றாதது என்று பெரிய எழுத்தில் இருந்தது. மாற்றிய சோயாவுக்குச் சட்டம் கோருவதோ மாற்றியது என்னும் செய்தி மட்டுமே. களைக்கொல்லியைத் தாங்குவதா, பூச்சியைக் கொல்லும் புரதம் உடையதா, இரண்டும் சேர்ந்ததா என்பதைக் குறிக்க வேண்டும் என்று விதி இல்லை. இரண்டும் சேர்ந்த சோயாவும் மக்காச்சோளமும் உலகச் சந்தையில் ஏற்கனவே உள்ளன. மருந்தடித்த சாமானா, மருந்தாகவே வளர்ந்த சாமானா என்று சுங்கை சிப்புட்டில் அவர் கேட்டதற்குப் பொட்டலத்தின் பின்புறத்தில் விடை எழுத இடமே விடப்படவில்லை.